ஏழு தரம் கழுவிய தாச்சி

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். நாலாக மடித்தாள். சுவரில் தொங்கிய கலண்டருக்குப் பின்னால் செருகினாள். பிறகு முருங்கையிலை உருவ வளவுக்குள் இறங்கிப் போய்விட்டாள் ஞானாம்பிகை. ஒன்றும் கேட்கவில்லை.

பஞ்சலிங்கத்தாருக்குச் சந்தேகம் பிடித்தது அந்த இடத்தில்தான்.

இருபத்தேழு வருடக் கலியாண வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. சந்தைக்குப் போய் வந்தால் கத்தரிக்காய் ஏன் முற்றல் என்பாள். சைக்கிளுக்குக் காற்றடித்து வந்தால், இவ்வளவு நேரமும் காற்றுத்தான் அடித்தீர்களா என்பாள். தும்மினால், எங்கே நனைந்துவிட்டு வந்து தும்முகிறீர்கள் என்பாள். அப்படிப்பட்டவள், ஜேர்மனியில் இருக்கும் தம்பி தேவராசா ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு, இதோடு வேறொன்றும் வரவில்லையா என்று மட்டும் கேட்கவில்லை.

வேறொன்று வந்திருந்தது. அது அந்த நேரத்தில் பஞ்சலிங்கத்தாரின் அலுமாரிக்குள், பழைய தபால் பைக்குள், இரண்டு பெனியனால் சுற்றப்பட்டுக் கிடந்தது.

கொண்டுவந்து கொடுத்தவர் வின்சன்ற். குருநகர்க்காரர். பஞ்சலிங்கத்தார் தபாலதிபராக இருந்த கந்தோரில் தபால்காரராக இருந்தவர். கொழும்பில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தேவராசாவின் சிநேகிதன் ஒருவன் கொடுத்துவிட்ட கடிதத்தையும் ஒரு தகரப்பேணியையும் கூடவே கொண்டுவந்திருந்தார். சண்டையால் தரைவழி அடைபட்டிருந்த காலம். பேணி கிளாலிக் கடலில் வள்ளத்தின் அடியில் உப்புத்தண்ணீரில் ஊறி, மேலே ஒட்டியிருந்த படக் கடதாசி முழுவதும் கரைந்து, வெறும் மேலோடு வந்து சேர்ந்தது. உள்ளே என்ன என்று பஞ்சலிங்கத்தார் கேட்டார். சொசேஜ் என்று சொல்லித்தான் தந்தார்கள் என்றார் வின்சன்ற். பேணி ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது, இந்த வெயிலுக்கு ஊதினால் நஞ்சாகிவிடும், ஒரு கிழமைக்குள் சாப்பிட்டு முடியுங்கள் என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்.

சொசேஜ். அந்தச் சொல்லைக் கேட்டபிறகு பஞ்சலிங்கத்தார் நல்லூரில் இல்லை. பண்டாரவளையில் இருந்தார்.

கலியாணத்துக்கு முந்திய காலம் அது. பண்டாரவளைத் தபால் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அங்கிருந்த பறங்கித் தபாலதிபர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அந்த வீட்டு அம்மா கனத்த இரும்புத் தாச்சி ஒன்றை அடுப்பிலிருந்து அப்படியே தூக்கி வந்து மேசையில் வைத்தார். உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிச் சிவக்கப் பொரித்திருந்தார்கள். அதற்குள்ளே வட்டம் வட்டமாகச் சொசேஜ். வெங்காயம். மிளகு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முட்டை, கண்ணை விழித்துப் பார்த்தபடி. எல்லாம் ஒரே தாச்சியில். பஞ்சலிங்கத்தார் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. அதற்குப் பிறகு கலியாணம் வந்தது. அதற்குப் பிறகு பிட்டு வந்தது.

பிட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திங்கள் பிட்டு, செவ்வாய் பிட்டு, புதன் ஒரு மாறுதலுக்காக நேற்றைய பிட்டு. வேலைக்குப் போன காலத்தில் அவசரத்தில் விழுங்கிவிட்டு ஓடியதால் பெரிதாகத் தெரியவில்லை. ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, காலையில் பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியிலிருந்து ஆவி வருகிற மணத்துக்கே அவருக்கு அழுகை வரும். வலது கன்னத்தில் அவருக்கு ஒரு மச்சம் இருந்தது. இந்த மச்சக்காரருக்குச் சாப்பாட்டு யோகம் என்று சாத்திரி ஒருவர் சொல்லியிருந்தார். கன்னத்து மச்சம் இத்தனை வருடமாகக் கன்னத்தோடு நின்றுவிட்டது. சாப்பாட்டுக் கோப்பைக்கு இறங்கி வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது. ஆனால் வந்த நேரம்தான் சரியில்லை.

நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிப் பத்து நாளாகியிருந்தது. கொடியேறினால் இருபத்தைந்து நாளைக்கு அந்த அயலில் மச்சம் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, கருவாடு என்று என்னென்ன உண்டோ அத்தனையும் யாழ்ப்பாணத்தில் மச்சம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம். ஞானாம்பிகை மச்சச் சட்டிகளையும் மச்சத் தாச்சியையும் கழுவிக் கட்டிக் கோடிப்பக்கத்து அறையில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருந்தாள். குசினியில் மிச்சம் இருந்தது சைவத் தாச்சி ஒன்றுதான். அதில் மச்சம் பட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அது ஒருநாளும் நடந்ததில்லை.

கொடி இறங்கப் பதினைந்து நாள். பேணிக்கு ஏழு நாள். ஞானாம்பிகையிடம் சொன்னால் பேணியையும் அந்த அறைக்குள் வைத்துப் பூட்டுவாள். அது உள்ளே ஊதி வெடிக்கிற சத்தத்தைத்தான் அவர் வெளியே நின்று கேட்கலாம். ஆகவே சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். தானே சமைப்பது, தானே சாப்பிடுவது, தானே கழுவிக் கவிழ்ப்பது. தபால் திணைக்களத்தில் அவர் எடுத்த எந்த முடிவும் இவ்வளவு வீரமானதாக இருந்ததில்லை.

கலண்டருக்குப் பின்னால் இருக்கிற கடிதத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் மனிதர் இறுகிப்போய் நின்றார். முப்பத்தொரு வருடச் சேவையில் பிறத்தியாரின் கடிதம் ஒன்றை அவர் பிரித்ததில்லை. தபாலட்டையைக்கூடக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் முத்திரை குத்துவார். மனைவிக்கு வந்தாலும் மனைவியின் கடிதம் மனைவியின் கடிதம்தான். பேணியை ஒளித்ததில் அவருக்கு வெட்கம் இல்லை. பேணி பொதி வகை, அதற்குச் சட்டம் வேறு. கடிதத்தில்தான் கை வைக்க மாட்டார்.

அதனால் வாயால் கேட்டுப் பார்த்தார்.

"தேவராசா என்னவாம்?"

"சுகமாம்."

"வேறை?"

"குளிராம்."

"வேறை ஒண்டும் எழுதேல்லையே?"

ஞானாம்பிகை முருங்கையிலையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஏன், வேறை ஏதும் எழுதவேணுமே?"

பஞ்சலிங்கத்தார் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் குசினியில் ஓலைப்பெட்டிக்குள் உருளைக்கிழங்கு இருந்தது. அந்த நாட்களில் உருளைக்கிழங்கு என்பது கண்ணில் காணக் கிடைக்காத பொருள். கொடிகாமச் சந்தைக்குப் போன ஆரிடமோ சொல்லி எடுப்பித்தேன் என்றாள். எதற்கு என்று கேட்டார். கறிக்கு என்றாள். அன்று கத்தரிக்காய்க் கறி. அதற்கு அடுத்த நாள் பூசணிக்காய்க் கறி. உருளைக்கிழங்கு ஓலைப்பெட்டிக்குள் இருந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் எனக்குப் பொறி வைக்கிறாளோ என்று அவர் யோசித்தார். ஆனால் பொறி வைப்பதென்றால் பேணி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் கேட்டிருப்பாள். கேட்கவில்லை. ஆகவே தெரியாது. தெரியாதென்றால் ஏன் உருளைக்கிழங்கு? இப்படியே சுற்றிச் சுற்றி யோசித்து அவருக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம்.

பேணி ஊதுகிறதா என்று நாளுக்கு நாலு தரம் அலுமாரியைத் திறந்து தடவிப் பார்ப்பார். மூன்றாம் நாள் திறந்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. அவர் பேணியைப் படுக்க வைத்திருந்தார். இப்போது அது நிமிர்ந்து நின்றது. தானே நிமிர்த்தி வைத்துவிட்டு மறந்தேனோ? பெனியன் சுற்றியிருந்த விதமும் கொஞ்சம் துப்புரவாகத் தெரிந்தது. அவர் ஒருநாளும் பெனியனை அவ்வளவு ஒழுங்காக மடித்தவர் அல்லர். உடனே பேணியைத் தபால்கால மழைக்கோட்டின் பைக்குள் மாற்றினார்.

அன்று பின்னேரம் ஞானாம்பிகை, அவர் கேட்காமலே ஒரு செய்தி சொன்னாள். நாளைக்கு விடியவே கோயிலுக்குப் போகிறாளாம். நீர்வேலியிலிருந்து அவளுடைய தாய்மாமனான அம்மானும் வருகிறாராம். அவரைக் கண்டு கதைத்துவிட்டு வர ஒன்பது மணி செல்லுமாம். பிட்டு அவித்து மூடி வைத்துவிட்டுப் போவாளாம். ஒன்பதுக்கு முந்தி வரவே மாட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு, ஒன்பதுக்கு முந்தி வரமாட்டேன் என்று இன்னொரு தரமும் சொன்னாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவள் கேட்காத கேள்விக்கு இரண்டு தரம் பதில் சொல்கிறாள். பஞ்சலிங்கத்தாரின் உடம்பெல்லாம் எச்சரிக்கை மணி அடித்தது. ஆனாலும் அவர் என்ன செய்வார்? பேணியின் நெளிந்த பக்கம் அன்று கொஞ்சம் உப்பியிருந்த மாதிரி அவருக்குப் பட்டது. பண்டாரவளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆசை சந்தேகத்தை அமத்திப்போட்டது.

முட்டை ஒன்றுதான் குறை. வேலிக்கு அந்தப் பக்கம் சின்னத்தங்கம் வீட்டில் கோழி இருந்தது. வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்கு அருகே போய் நின்று, மெல்லிய குரலில் ஒரு முட்டை வேண்டும் என்று கேட்டார். கொடியேறின நாளில் முட்டை எதற்கு என்று சின்னத்தங்கம் கேட்டாள். பூனைக்கு என்றார். உங்கள் வீட்டில் ஏது பூனை என்று அவள் கேட்கவில்லை. முட்டையைக் கொடுத்துவிட்டு, அவருடைய காலடியைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

விடிந்தது. ஞானாம்பிகை தலை தோய்ந்து, கூறைச்சேலை உடுத்து, அர்ச்சனைத் தட்டோடு புறப்பட்டாள். பஞ்சலிங்கத்தார் ஒழுங்கை முடக்குவரை பின்னால் போய், அவள் உண்மையாகவே கோயில் பக்கம் திரும்புகிறாளா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே நுழையும்போது கலண்டரைப் பார்த்தார். நாலு நாளாக அதன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கடிதத்தின் மூலையைக் காணவில்லை. உள்ளுக்குள் சறுக்கியிருக்கும் என்று நினைத்தார். அதை யோசித்து நிற்க நேரம் இருக்கவில்லை.

அடுப்பில் விறகு முன்கூட்டியே அடுக்கியிருந்தது. பக்கத்தில் நெருப்புப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் உரித்த வெங்காயம். மற்ற நாளாக இருந்தால் இதை வைத்தே அவர் ஒரு மணித்தியாலம் சந்தேகப்பட்டிருப்பார். இன்று நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். உருளைக்கிழங்கைச் சீவினார். கிழங்கோடு கட்டைவிரலும் கொஞ்சம் சீவுப்பட்டது. சதுரமாக வெட்ட முயன்றார், முக்கோணம்தான் வந்தது. அரை அவியலாக அவித்து வடித்தார். ஊதுகுழல் பிடித்து ஊதியதில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ கண் எரிந்தது.

பிறகு சைவத் தாச்சியைக் கையில் எடுத்தார். அதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. அறியாத பிள்ளையை அழைத்துக்கொண்டு கள்ளுக் கொட்டிலுக்குப் போகிறவனின் மனநிலை அது. ஒருக்கால்தான், பிறகு மூன்று தரம் சாம்பலாலே தேய்த்துக் கழுவிவிடுகிறேன் என்று அதற்குச் சொல்லிவிட்டு அடுப்பில் வைத்தார்.

பேணியைக் கத்தியாலும் அம்மிக் குழவியாலும் உடைத்துத் திறந்தார். எட்டுச் சொசேஜ் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தன. பண்டாரவளைச் சொசேஜ் நல்ல சிவப்பு. இவை வெளிறியிருந்தன. மணமும் கொஞ்சம் மட்டு. ஜேர்மனியில் வெயில் குறைவு, அந்த ஊர்ப் பன்றியும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கிழங்கு எண்ணெயில் சீறியது. ஓரம் சிவக்கத் தொடங்கியது. வெங்காயத்தைப் போட்டார். சொசேஜை வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டு, தட்டகப்பையால் புரட்டினார். மிளகைத் தூவினார். குசினி முழுக்க ஒரு வாசம் எழுந்தது. இந்த ஒரு காலைச் சாப்பாட்டுக்கு அவர் முப்பத்திரண்டு வருடம் காத்திருந்தார். இனி முட்டை ஒன்றுதான். சாரத்து மடியில் கட்டி வைத்திருந்த முட்டையை எடுக்கக் கையை விட்டார்.

படலை கிறீச்சிட்டது. நேரம் ஏழே முக்கால்.

"வாங்கோ அம்மான், வாங்கோ. அவர் குசினிக்குள்ளைதான் நிக்கிறார்" என்ற குரல் கேட்டது. குசினிக்குள் நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகப்படக்கூட அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. முன் கதவில் ஞானாம்பிகை நின்றாள். பின் கதவில், கால் கழுவக் கிணற்றடிப் பக்கமாக வந்த அம்மான் இராசநாயகம் நின்றார். கையில் ஒரு சீப்பு இதரைப் பழம், சுருட்டிய வாழையிலை. சின்ன வயதில் தாச்சி என்கிற கிளித்தட்டு மறித்து விளையாடிய காலத்திலும் பஞ்சலிங்கத்தாரை ஒருவரும் இப்படி மறித்ததில்லை.

இராசநாயகத்தைப் பற்றி ஒரு சொல். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர். வயது எழுபத்தாறு. பிறந்த நாள் தொட்டு மச்சம் வாயில் வைத்ததில்லை. மீன்காரனின் மணிச் சத்தம் கேட்டாலே தோளில் கிடக்கும் சால்வையால் மூக்கைப் பொத்துவார்.

"உதென்னப்பா தாச்சிக்குள்ளை?" என்றாள் ஞானாம்பிகை.

பஞ்சலிங்கத்தாரின் மூளை ஓடியது. தபால் திணைக்களத்தில் இவ்வளவு விரைவாக ஒன்றும் ஓடியதில்லை. "சொசேஜ்" என்றார். "தேவராசா அனுப்பினது. உமக்கு ஒரு புதினம் காட்டுவம் எண்டு சொல்லாமல் வைச்சிருந்தனான்."

"சொசேஜ் எண்டால் மச்சமெல்லே?"

"சீச்சீ. இது சோயாவிலை செய்தது. சுத்தச் சைவம்."

"வடிவாத் தெரியுமே?"

"தெரியாமல்? கொடியேறின வீட்டிலை நான் மச்சம் காய்ச்சுவனே?"

ஞானாம்பிகை அவரையே ஒரு கணம் பார்த்தாள். அவளுடைய முகத்தில் அவர் ஒருநாளும் காணாத அளவுக்கு நம்பிக்கை இருந்தது. அதுதான் அவரைக் கலக்கியது.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள். "அம்மான் காலமை ஒண்டும் சாப்பிடேல்லை. முதல் அவருக்குப் போடுவம்."

பஞ்சலிங்கத்தாரின் கையில் இருந்த தட்டகப்பை தாச்சிக்குள் விழுந்தது. இன்னும் வேகவில்லை என்றார். வெந்த வாசம் படலைவரைக்கும் வருகிறது என்றாள். அம்மானுக்கு மிளகு ஒத்துக்கொள்ளாது என்றார். மிளகு சளிக்கு நல்லது என்றார் அம்மான். பிட்டு இருக்கிறதே என்றார். பிட்டைத்தான் அம்மான் தினமும் சாப்பிடுகிறார் என்றாள். ஜேர்மனிச் சாப்பாடு வயதானவர்களுக்குச் செமிக்காது என்றார். எழுபத்தாறு வயதில் தான் இன்னும் வாழைக்கிழங்கு கிண்டுவதாக அம்மான் சொன்னார். வாழையிலை விரிந்தது. தண்ணீர் தெளிக்கப்பட்டது. ஞானாம்பிகை தாச்சியைத் தானே தூக்கி வந்து, கிழங்கும் சொசேஜுமாக இலையில் கோலிப் போட்டாள்.

பஞ்சலிங்கத்தார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதுவரையில் அவர் சொன்னது ஒரு பொய். வீட்டுக்குள் சொல்கிற சின்னப் பொய். அதற்கு முருகன் ஒன்றும் செய்ய மாட்டான். ஆனால் இப்போது எழுபத்தாறு வருடச் சைவம் ஒரு வாழையிலைக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறது. அதுவும் கொடியேறின நாளில், நெற்றியில் கோயில் திருநீறோடு. இந்த மனிதர் இதைச் சாப்பிட்டால் அந்தப் பாவம் தாச்சியோடு போகாது. தன்னோடுதான் வரும். ஞானாம்பிகையைப் பார்த்தார். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குத் தெரியுமோ, தெரியாதோ? தெரிந்தால் தாய்மாமனுக்கு மச்சம் கொடுப்பாளா? கொடுக்க மாட்டாள். ஆகவே தெரியாது.

அம்மான் கண்ணை மூடினார். சிவசிவா என்றார். சிவந்த கிழங்குத் துண்டோடு ஒரு வட்டச் சொசேஜையும் சேர்த்து எடுத்தார். கை வாய்க்குக் கிட்டப் போயிற்று.

பஞ்சலிங்கத்தார் பாய்ந்து போய் முழங்காலில் விழுந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அம்மான். சாப்பிடாதேங்கோ. அது மச்சம்."

சொல்லத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை. வின்சன்ற் பேணி தந்தது, அலுமாரியில் ஒளித்தது, மழைக்கோட்டுக்கு மாற்றியது, சோயா என்று பொய் சொன்னது, சைவத் தாச்சியைக் கெடுத்தது, பண்டாரவளை, பறங்கித் தபாலதிபர் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. விழுந்த வேகத்தில் மடிக்குள் இருந்த முட்டை உடைந்து சாரத்தால் வழிந்து நிலத்துக்கு வந்தது.

ஞானாம்பிகை குனிந்து பார்த்தாள். "உது பூனைக்கு வாங்கின முட்டையே?" என்றாள்.

அம்மான் கையில் இருந்ததை மெதுவாக இலையில் வைத்தார். கையைக்கூடக் கழுவ எழும்பவில்லை. மீன்காரனின் மணிக்கு மூக்கைப் பொத்துகிற மனிதர், மச்சம் தொட்ட விரலோடு ஆறுதலாக உட்கார்ந்திருந்தார். நாலு நாளாகக் கண்டது எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பஞ்சலிங்கத்தார், சந்தேகப்பட வேண்டிய இந்த ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை.

ஞானாம்பிகை சத்தம் போடவில்லை. கொடியேறின வீட்டில் நடந்த காரியத்துக்குப் பரிகாரம் வேண்டும் என்றாள். கோயில் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றாள். அவர் நின்றார். கொடி இறங்கும்வரைக்கும் இந்தத் தாச்சியில் பொரித்ததில் ஒரு துண்டும், ஒரு கிழங்கும்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். முருகனாணை என்று தானாகவே ஒன்றைச் சேர்த்தும் சொன்னார். பிறகு தாச்சியில் மிச்சம் இருந்ததை ஒரு கோப்பையில் கவிழ்த்துவிட்டு, வெறும் தாச்சியை அவரிடம் நீட்டினாள்.

"கிணத்தடிக்குக் கொண்டுபோய் ஏழு தரம் கழுவுங்கோ. பழப்புளி, சாம்பல், மஞ்சள்தண்ணி. உங்கடை சாரத்தையும் தோயுங்கோ. உதுகளை நான் ஒரு வழி பண்ணுறன்."

பஞ்சலிங்கத்தார் தாச்சியோடு போனார். பண்டாரவளை போய்விட்டது. மனது வலித்தது. ஆனாலும் அந்த வலிக்குள்ளே ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. ஒரு பெரிய மனிதரின் சைவத்தைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றியவர் அவர். தேங்காய்ப் பொச்சை எடுத்துப் பழப்புளி போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். துலாவை இழுத்து இழுத்துத் தண்ணீர் அள்ளினார். சவர்க்காரம் கிடைக்காத காலம், ஆகவே கைதான் தேய்ந்தது. ஐந்தாம் தரத்தில் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. ஏழாம் தரம் மஞ்சள்தண்ணீர் ஊற்றி நிமிர்த்திப் பார்த்தபோது, கலியாணத்துக்கு வந்த நாளில்கூட அந்தத் தாச்சி அப்படி மினுங்கியிருக்காது. அடியில் அவருடைய கன்னத்து மச்சமே தெரிந்தது. தானும் தோய்ந்து, ஈரச் சாரத்தோடு தாச்சியை ஏந்திக்கொண்டு குசினிக்கு வந்தார்.

அங்கே அம்மான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஞானாம்பிகையும் ஒரு இலை போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு இலையிலும் கிழங்கு அநேகமாக முடிந்திருந்தது. கோப்பை வெறுமையாக இருந்தது. அம்மான் கடைசிச் சொசேஜ் வட்டத்தை மிளகில் புரட்டி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

பஞ்சலிங்கத்தார் தாச்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மச்சம் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஞானாம்பிகை இடது கையால் இடுப்பிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கோ. இப்ப வாசியுங்கோ. நானே தாறன், களவில்லை."

அவர் ஈரக் கையைச் சுவரில் துடைத்துவிட்டு வாசித்தார். அன்புள்ள அக்கா அறிவது. நான் சுகம். இங்கே சரியான குளிர். நல்லூர்க் கொடிக்கு நீங்கள் மச்சம் விட்டிருப்பீர்கள் என்று தெரியும். அதனால் இங்கே சைவக்காரருக்கென்றே விற்கிற சொசேஜ் ஒரு பேணி அனுப்புகிறேன். முழுக்கச் சோயா. ஒரு துளி இறைச்சி இல்லை, அம்மானும் தாராளமாகச் சாப்பிடலாம். அத்தான் பண்டாரவளைச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஆசை தீர உருளைக்கிழங்கு போட்டுத் தாச்சியில் பொரித்துக் கொடுங்கள்.

பஞ்சலிங்கத்தார் கடைசி வரியை இன்னொரு தரம் வாசித்தார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அடுப்புப் புகையாக இருக்கலாம்.

"பேணியைத் தருவியள் தருவியள் எண்டு நாலு நாள் பாத்தன்" என்றாள் ஞானாம்பிகை. "அதுக்குத்தானே கிழங்கும் எடுப்பிச்சு வைச்சனான். கையிலை தந்திருந்தால் அண்டைக்கே பொரிச்சுத் தந்திருப்பன்."

அம்மான் இலையை மடித்தார். பிள்ளை கோயிலிலேயே கடிதத்தைக் காட்டியது என்றார். கிழங்கு நன்றாகப் பொரிந்திருந்தது என்றும், மருமகனின் கை குசினிக்குப் பொருத்தமான கை என்றும் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

பஞ்சலிங்கத்தாருக்குத் திடீரென்று ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அப்ப நான் சொன்னது உண்மையெல்லே? சைவமெண்டுதானே முதல் சொன்னனான்."

"ஓம். நான் அப்பவே நம்பினனான். நீங்கள்தான் உங்களை நம்பேல்லை."

இலையின் ஓரத்தில் ஒரேயொரு கிழங்குத் துண்டு மிச்சம் இருந்தது. முக்கோணமாக, சிவந்து, மிளகு ஒட்டியபடி. பஞ்சலிங்கத்தார் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை ஞானாம்பிகையும் பார்த்தாள்.

"அந்த ஒரு துண்டு..."

"முருகனாணை எண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டுக்கொண்டே அதை எடுத்து வாயில் போட்டாள். பிறகு மூடி வைத்திருந்த பிட்டை அவருக்கு முன்னால் நகர்த்தினாள். எழும்பிப் போகும்போதுதான் அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த தாச்சி அவளுடைய கண்ணில் பட்டது.

"அட, ஏழு தரமும் கழுவினனீங்களே? சைவத் தாச்சிதானே அப்பா, ஒருக்காக் கழுவினாலே காணும்."